வெற்றிடக் குழாய் ஒலி மிகைப்பி

வெற்றிடக் குழாய் ஒலி மிகைப்பி என்பது வலுக் குறைந்த ஒலிக் குறிகைகளை, டிரான்சிஸ்டர்களுக்கு மாற்றாக வெற்றிடக் குழாய்களைக் கொண்டு வலுப்படுத்தி, ஒலிபெருக்கியை இயக்கும் மின்னணுக் கருவி ஆகும். வெற்றிடக் குழாயைப் பிரித்தானியர் வால்வு என்றும் அமெரிக்கர் டியூப் என்றும் அழைப்பர். தமிழில் பழைய வானொலிப் பெட்டிகளை வால்வு ரேடியோ என்று வழங்குவதைப் போலவே இக்கருவியும் வால்வு ஆம்ப்ளிஃபையர் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் ஒலிபெருக்கி என்னும் சொல் ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் சேர்த்துக் குறிப்பதுண்டு. இக்கட்டுரையில் மிகைப்பி என்பது ஆம்ப்ளிஃபையரை மட்டும் குறிக்கும். ஒலிபெருக்கி என்பது ஸ்பீக்கரை மட்டும் குறிக்கும்.

1960களில் தொடங்கிப் பெரும்பாலான ஒலிக் கருவிகளில் வெற்றிடக் குழாயின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்துக்கொண்டது. எனினும் மின் கிதார் மிகைப்பிகளிலும் இல்லங்களில் இசை கேட்கும் கருவிகளிலும் குழாய்கள் இன்றும் பயன்படுகின்றன. குழாய் மிகைப்பியை முதன்முறையாக வாங்குபவர்கள் பெரும்பாலும் குழாயின் பெயரையோ கருவியின் தோற்றத்தையோ பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் குழாய் மிகைப்பியின் திறன் குறைவு. அதன் வெளியீட்டு மின்மறுப்பு மிகுதி. இவ்விரு இயல்புகளால், எந்த ஒலிபெருக்கியுடன் அது இணைக்கப்படுகிறது என்பதே கேட்கும் ஒலியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே தேர்வு ஒலிபெருக்கியிலிருந்து தொடங்க வேண்டும்.

வரலாறு

1904 ஆம் ஆண்டில் ஆங்கில இயற்பியலாளர் ஜான் அம்ப்ரோஸ் பிளெமிங் இருமுனையக் குழாயை உருவாக்கினார். அது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிட்டது, குறிகையை வலுப்படுத்தவில்லை. அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், இரு மின்வாய்களுக்கும் இடையே ஒரு கம்பி வலையைச் சேர்த்து, 1907 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மும்முனையம் அல்லது டிரையோடு எனப்படும் இக்குழாயே குறிகையை வலுப்படுத்த வழி செய்தது. தொலைதூரத் தொலைபேசி, வானொலி, பேசும் படம் ஆகியவை இதனைக் கொண்டே வளர்ந்தன. இன்றும் பெரிதும் விரும்பப்படும் 300பி என்னும் மும்முனையத்தை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1938 இல் வெளியிட்டது.

1947 இல் டி. டி. என். வில்லியம்சன் பிரித்தானியாவின் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் ஒரு மிகைப்பி வடிவமைப்பை வெளியிட்டார். 15 வாட்டுத் திறனில் திரிபை 0.1 விழுக்காட்டுக்குள் அடக்கிய அவ்வடிவமைப்பு, வீட்டில் உயர்தர ஒலி கேட்பதற்கு ஓர் அளவுகோலாக விளங்கியது. 1951 இல் டேவிட் ஹாஃப்ளர், ஹெர்பர்ட் கெரோஸ் ஆகிய இருவரும் அல்ட்ரா-லீனியர் எனப்படும் இணைப்பு முறையைப் பரவச் செய்தனர். ஹாஃப்ளர் பங்குகொண்டு தொடங்கிய டைனாக்கோ நிறுவனம் 1959 இல் வெளியிட்ட ஸ்டீரியோ 70 என்னும் மிகைப்பி, தாமே பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுப்பாகவும் விற்கப்பட்டது. பக்கத்துக்கு 35 வாட்டு தரும் இக்கருவிகளுள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் இயங்கிக் காட்டப்பட்டது. சூடேற்றும் இழை தேவையில்லாத, சிறிய, மலிவான அக்கருவி இரு பத்தாண்டுகளுக்குள் குழாய்களைப் பின்னுக்குத் தள்ளியது. இன்று ஒலிக் குழாய்கள் பெரும்பாலும் உருசியா, சீனா, சுலோவாக்கியா ஆகிய நாடுகளில் உருவாக்கப்படுகின்றன.

செயற்படும் முறை

குழாயினுள் சூடேற்றப்பட்ட எதிர்மின்வாயிலிருந்து எதிர்மின்னிகள் வெளியேறுகின்றன. உயர்ந்த நேர் மின்னழுத்தத்தில் உள்ள தகடு அவற்றை ஈர்க்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கம்பி வலைக்குத் தரப்படும் சிறு மின்னழுத்த மாற்றம், தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பெரிதும் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. மதகின் கதவைச் சிறிது அசைத்து வாய்க்காலின் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்துவதை இதற்கு ஒப்பிடலாம். வலையில் தரப்பட்ட இசைக் குறிகை தகட்டு மின்னோட்டத்தில் பெரிதாக வெளிப்படுகிறது.

குழாய் உயர்ந்த மின்னழுத்தத்திலும் குறைந்த மின்னோட்டத்திலும் இயங்குவது. ஒலிபெருக்கிக்கோ குறைந்த மின்னழுத்தமும் மிகுந்த மின்னோட்டமும் தேவை. இவ்விரண்டையும் பொருத்தும் பணியை வெளியீட்டு மின்மாற்றி செய்கிறது. எடுத்துக்காட்டாக, 5000 ஓம் சுமையை வேண்டும் குழாய்களை 8 ஓம் ஒலிபெருக்கியுடன் இணைக்க 25:1 என்னும் சுற்று விகிதம் உடைய மின்மாற்றி தேவைப்படும். (25 இன் வர்க்கம் 625, 8 ஐ 625 ஆல் பெருக்கினால் 5000.)

தாழ்ந்த அதிர்வெண்களைச் சிதைக்காமல் கடத்துவதற்கு இம்மின்மாற்றியில் போதிய இரும்பு உள்ளகம் இருக்க வேண்டும். உயர்ந்த அதிர்வெண்களைக் கடத்துவதற்குக் கம்பிச் சுற்றுகள் அடுக்கடுக்காக நுட்பமாகச் சுற்றப்பட வேண்டும். நல்ல குழாய் மிகைப்பியின் எடையும் விலையும் பெரும்பாலும் மின்மாற்றிகளாலேயே ஏற்படுகின்றன.

வெளியீட்டு நிலையின் வகைகள்

ஒற்றைமுனை வகையில் ஒரு குழாயே (அல்லது இணையாக இணைக்கப்பட்ட குழாய்களே) குறிகை அலையின் முழுமையையும் கையாளும். சுற்று எளியது, திறன் குறைவு. 300பி குழாய் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 8 வாட்டும், 2ஏ3 குழாய் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 3.5 வாட்டும் பெறலாம்.

புஷ்-புல் எனப்படும் தள்ளு-இழு வகையில் இரு குழாய்கள் எதிரெதிர்க் கட்டத்தில் இயங்குகின்றன. ஒன்றின் மின்னோட்டம் கூடும்போது மற்றதன் மின்னோட்டம் குறையும். இதனால் திறன் மிகுவதோடு, இரட்டைப்படைச் சீரிசைத் திரிபுகளும் மின்வழங்கியிலிருந்து வரும் இரைச்சலும் பெருமளவில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. வழக்கமாகப் பயன்படும் குழாய் இணைகளும் அவற்றிலிருந்து பெறும் திறனும் ஏறத்தாழப் பின்வருமாறு:

இஎல்84 இணை: 10 முதல் 17 வாட்டு
இஎல்34 இணை: 30 முதல் 50 வாட்டு
கேடி88 இணை: 40 முதல் 100 வாட்டு

விளம்பரங்களில் காணும் வாட்டு எண்ணுடன் அது எத்தனை விழுக்காடு திரிபில் அளக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 10 விழுக்காடு திரிபில் அளந்த திறனையும் 1 விழுக்காடு திரிபில் அளந்த திறனையும் நேரடியாக ஒப்பிட இயலாது.

திறனும் ஒலிபெருக்கியின் உணர்திறனும்

ஒலிபெருக்கிக்கு 2.83 வோல்ட்டு தரும்போது 1 மீட்டர் தொலைவில் எழும் ஒலி அழுத்த மட்டம் அதன் உணர்திறன் எனப்படும். இது டெசிபெலில் அளக்கப்படுகிறது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 2.83 வோல்ட்டு என்பது 1 வாட்டுக்குச் சமம். 4 ஓம் ஒலிபெருக்கிக்கோ அதே மின்னழுத்தம் 2 வாட்டு ஆகும். எனவே 4 ஓம் ஒலிபெருக்கியின் உணர்திறன் எண்ணிலிருந்து 3 டெசிபெல் கழித்த பின்னரே 8 ஓம் ஒலிபெருக்கியுடன் ஒப்பிட வேண்டும்.

டெசிபெல் மடக்கை அளவீடு ஆகையால், திறனை இரு மடங்காக்கினால் 3 டெசிபெலும் பத்து மடங்காக்கினால் 10 டெசிபெலும் மட்டுமே கூடும். கேட்பவர் 3 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். திறந்த வெளிக் கணக்கின்படி ஒலி மட்டம் 9.5 டெசிபெல் குறையும்; ஒலிபெருக்கிகள் இரண்டு என்பதால் ஏறத்தாழ 3 டெசிபெல் கூடும். ஆக, நிகரக் குறைவு 6.5 டெசிபெல். இதன்படி கிடைக்கும் உச்ச மட்டங்கள்:

87 டெசிபெல் ஒலிபெருக்கி, 8 வாட்டு மிகைப்பி: ஏறத்தாழ 89.5 டெசிபெல்
87 டெசிபெல் ஒலிபெருக்கி, 35 வாட்டு மிகைப்பி: ஏறத்தாழ 96 டெசிபெல்
95 டெசிபெல் ஒலிபெருக்கி, 8 வாட்டு மிகைப்பி: ஏறத்தாழ 97.5 டெசிபெல்

உணர்திறன் மிக்க ஒலிபெருக்கியுடன் இணைந்த 8 வாட்டுக் கருவி, உணர்திறன் குறைந்த ஒலிபெருக்கியுடன் இணைந்த 35 வாட்டுக் கருவியைவிட உரக்க ஒலிப்பதை இதிலிருந்து அறியலாம். அறைச் சுவர்களின் எதிரொலிப்பால் உண்மையான மட்டம் சற்றுக் கூடும் என்றாலும் இவ்வொப்பீடு மாறாது.

இசையின் உச்சங்கள் அதன் சராசரியைவிட 15 முதல் 20 டெசிபெல் வரை உயரக்கூடும். எனவே 89.5 டெசிபெல் உச்சம் என்பது ஏறத்தாழ 70 முதல் 75 டெசிபெல் சராசரியில் மட்டுமே இசையைத் திரிபின்றிக் கேட்க இடம் தரும். ஒரு குரலும் சில இசைக்கருவிகளும் ஒலிக்கும் கச்சேரிப் பதிவைச் சிறிய அறையில் கேட்பவருக்கு இது போதுமானதாக இருக்கலாம். பேரிசைக் குழுவின் இசையையோ ராக் இசையையோ பெரிய கூடத்தில் கேட்பவருக்குப் போதாது.

பி.பி.சி. வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்னும் சிறு ஒலிபெருக்கியின் உணர்திறன் ஏறத்தாழ 82 முதல் 83 டெசிபெல் மட்டுமே. பால் கிளிப்ஷ் 1940களில் வடிவமைத்த கிளிப்ஷார்ன் என்னும் கொம்பு வகை ஒலிபெருக்கி 100 டெசிபெலையும் தாண்டும். இடைவெளி 17 டெசிபெலுக்கு மேல் என்பதால், ஒரே மட்டத்தில் ஒலிக்க முதலாவதற்கு இரண்டாவதைப்போல் ஐம்பது மடங்குத் திறன் தேவைப்படும்.

வெளியீட்டு மின்மறுப்பு

ஒலிபெருக்கியின் மின்மறுப்பு 8 ஓம் என்று குறிக்கப்பட்டிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்களிலும் 8 ஓம் ஆக இருப்பதில்லை. ஓரிடத்தில் 4 ஓம் வரை இறங்கி, வேறோர் இடத்தில் 30 ஓம் வரை ஏறக்கூடும். டிரான்சிஸ்டர் மிகைப்பிகளின் வெளியீட்டு மின்மறுப்பு வழக்கமாக 0.1 ஓமை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருப்பதால் இம்மாற்றம் அவற்றைப் பாதிப்பதில்லை. பின்னூட்டு இல்லாத ஒற்றைமுனைக் குழாய் மிகைப்பியில் அது 2 ஓம் அல்லது அதற்கு மேலும் இருக்கலாம்.

2 ஓம் மின்மறுப்புடைய மிகைப்பி மேற்கூறிய ஒலிபெருக்கியை இயக்கினால், 30 ஓம் உள்ள அதிர்வெண்ணுக்கும் 4 ஓம் உள்ள அதிர்வெண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 3 டெசிபெல் வேறுபாடு தோன்றும். இது செவிக்குத் தெளிவாகப் புலப்படும் அளவு. வெளியீட்டு மின்மறுப்பு 0.5 ஓம் எனில் வேறுபாடு ஏறத்தாழ 0.9 டெசிபெலாகக் குறையும். ஒரே மிகைப்பியை ஒரு வீட்டில் இனிமையானது என்றும் மற்றொரு வீட்டில் மந்தமானது என்றும் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

எதிர்ப் பின்னூட்டு, அதாவது வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்க் கட்டத்தில் உள்ளீட்டுக்குத் திருப்பித் தருவது, வெளியீட்டு மின்மறுப்பையும் திரிபையும் குறைக்கும். பெரும்பாலான தள்ளு-இழு மிகைப்பிகளில் இது உண்டு. ஆகவே சாதாரண ஒலிபெருக்கிகளை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு, பின்னூட்டுடன் கூடிய இஎல்84 அல்லது இஎல்34 தள்ளு-இழு மிகைப்பியே பொருத்தமான தொடக்கமாகும். ஒற்றைமுனை மிகைப்பியை விரும்புபவர், உணர்திறன் மிக்கதும் மின்மறுப்பு அதிகம் ஏறியிறங்காததுமான ஒலிபெருக்கியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

குழாய் ஒலி

குழாய் மிகைப்பிகளின் ஒலியை மென்மையானது, இதமானது என்று பலர் விவரிப்பர். இதற்கு அளக்கக்கூடிய சில காரணங்கள் உள்ளன. ஒற்றைமுனை மும்முனையங்களில் இரண்டாம் சீரிசைத் திரிபு மேலோங்கும். அது மூல அதிர்வெண்ணின் இரு மடங்கு, அதாவது அதே சுரத்தின் மேல் தாயி ஆகையால் செவியை உறுத்துவதில்லை. திறன் எல்லையை எட்டும்போது, பின்னூட்டு குறைந்த குழாய்ச் சுற்றுகள் அலையின் முகட்டைச் சட்டென வெட்டாமல் படிப்படியாக மழுக்குகின்றன. முன்னர்க் கூறிய வெளியீட்டு மின்மறுப்பின் விளைவும் இவற்றுடன் சேரும்.

குழாய் மிகைப்பியின் திரிபு பொதுவாக நல்ல டிரான்சிஸ்டர் மிகைப்பியின் திரிபைவிடக் கூடுதலே. மூலத்துக்கு மாறாத துல்லியத்தை மட்டும் நாடுபவர் டிரான்சிஸ்டர் மிகைப்பியைக் குறைந்த விலையில் பெறலாம். குழாய் மிகைப்பியை வாங்குவது, பெரிதும் ஒலிச் சுவை சார்ந்த தேர்வு ஆகும்.

கலப்பு வகைக் கருவிகள்

முதல் நிலையில் மட்டும் குழாய்களையும் இறுதி நிலையில் டிரான்சிஸ்டர்களையும் கொண்ட மிகைப்பிகள் கலப்பு வகை எனப்படும். இவற்றில் திறனும் மின்மறுப்பும் டிரான்சிஸ்டர் மிகைப்பியை ஒத்திருப்பதால் எவ்வகை ஒலிபெருக்கியையும் இயக்குவது எளிது. ஆனால் முழுமையான குழாய் மிகைப்பியின் இயல்புகளை இவற்றிடம் எதிர்பார்க்க இயலாது. சில மலிவுக் கருவிகளில் குழாய்க்கு அடியில் வண்ண விளக்கு பொருத்தப்பட்டிருக்கும். குழாயின் ஒளி அதன் இழையிலிருந்து எழும் மங்கலான செம்மஞ்சள் ஒளியே. அதன் பொலிவுக்கும் ஒலித் தரத்துக்கும் தொடர்பில்லை.

சார்பழுத்தமும் பராமரிப்பும்

குறிகை இல்லாத வேளையில் குழாயில் ஓடவேண்டிய மின்னோட்டத்தை நிலைநிறுத்துவதற்காக வலைக்குத் தரப்படும் எதிர் மின்னழுத்தம் சார்பழுத்தம் எனப்படும். தன்சார்பு முறையில் எதிர்மின்வாய் மின்தடை வழியாக இது தானே அமைகிறது. நிலைச்சார்பு முறையில் குழாயை மாற்றும்போதும் அவ்வப்போதும் அளந்து திருத்த வேண்டும். மிகுந்த திறனைத் தருவது நிலைச்சார்பு. புதியவருக்கு எளியது தன்சார்பு.

வெளியீட்டுக் குழாய்கள் பொதுவாகச் சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும். 2000 மணி நேரம் உழைக்கும் குழாயை நாளொன்றுக்கு 3 மணி நேரம் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாற்ற நேரிடும். 12ஏஎக்ஸ்7 போன்ற முதல்நிலைக் குழாய்கள் இதைவிடப் பன்மடங்கு காலம் உழைப்பவை. வாங்கும்போதே மாற்றுக் குழாய்களின் விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2022 இல் உக்ரைன் போரை ஒட்டி உருசியா விதித்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் குழாய்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை உயர்ந்தது. பல நாடுகளில் உருவாக்கப்படும் இஎல்84, இஎல்34, 12ஏஎக்ஸ்7 போன்ற பரவலான குழாய்களைக் கொண்ட கருவியே முதல் வாங்கலுக்கு ஏற்றது.

இழையைச் சூடேற்றுவதற்கு மட்டும் ஓர் இஎல்34 குழாய் ஏறத்தாழ 9.5 வாட்டு எடுத்துக்கொள்ளும். நான்கு குழாய்கள் உடைய கருவியில் இது 38 வாட்டு. தகட்டின் வெப்பமும் சேர்வதால் இசை ஒலிக்காத வேளையிலும் கருவி நூறு வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். கருவியைச் சுற்றிலும் மேற்புறத்திலும் காற்றோட்டம் வேண்டும்; மூடிய அலமாரியில் வைத்தல் ஆகாது.

பழைய கருவிகள்

1950கள், 1960களில் உருவான மிகைப்பிகள் சில பழைய பொருட் சந்தையில் மலிவாகக் கிடைப்பதுண்டு. அவற்றின் மின்பகுபொருள் மின்தேக்கிகள் உலர்ந்து போயிருக்கும். நிலைகளை இணைக்கும் மின்தேக்கிகள் கசிந்தால் வெளியீட்டுக் குழாயின் சார்பழுத்தம் குலைந்து, தகடு செந்நிறமாகப் பழுக்கும். விலையுயர்ந்த மின்மாற்றியும் எரிந்துபோகலாம். ஆகவே பழைய கருவியை வாங்கியவுடன் நேரடியாக மின் இணைப்பில் செருகாமல், பயிற்சி பெற்றவரிடம் தந்து சோதிக்க வேண்டும். பழுது நீக்கும் செலவையும் சேர்த்தால் புதிய கருவியின் விலையை அது எட்டிவிடுவதுண்டு.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளின் மின்வழங்கல் அளவையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட்டு, 60 எர்ட்சு. சப்பானில் 100 வோல்ட்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட்டு, 50 எர்ட்சு. மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி அதிர்வெண்ணை மாற்றாது. 60 எர்ட்சுக்கு மட்டும் வடிவமைத்த மின்மாற்றி 50 எர்ட்சில் அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும்.

பாதுகாப்பு

குழாய் மிகைப்பியின் உள்ளே 250 முதல் 500 வோல்ட்டு வரையிலான நேர் மின்னழுத்தம் இருக்கும். இது உயிரைப் பறிக்க வல்லது. மின்தேக்கிகள் மின்னூட்டத்தைச் சேமித்து வைப்பதால், மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் இந்த ஆபத்து நீடிக்கும். மின்னணுவியல் பயிற்சி இல்லாதவர் அடிப்பகுதியைத் திறக்கக் கூடாது. உதிரித் தொகுப்பை வாங்கித் தாமே பூட்ட விரும்புபவர், மின்தேக்கிகளை மின்தடை வழியாக வெறுமையாக்கவும், வெறுமையானதை மின்னழுத்தமானி கொண்டு உறுதிசெய்யவும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒலிபெருக்கியை இணைக்காமல் மிகைப்பியை இயக்கக் கூடாது. சுமை இல்லாத வேளையில் வெளியீட்டு மின்மாற்றியில் மிகை மின்னழுத்தம் தோன்றி, அதன் காப்பையும் குழாய்களையும் சிதைக்கலாம். டிரான்சிஸ்டர் மிகைப்பிக்குப் பழகியவர்கள் இதை அறியாமல் இருப்பதுண்டு.

இயங்கும் வெளியீட்டுக் குழாயின் கண்ணாடி 200 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ உள்ள வீட்டில், குழாய்களைச் சூழ்ந்த கம்பிக் கூண்டுடன் கூடிய கருவியைத் தேர்ந்தெடுத்து, அக்கூண்டைக் கழற்றாமல் பயன்படுத்த வேண்டும்.